கூலி பாரிஸ்டர்: தென்னாப்பிரிக்கத் தமிழரும் வக்கீல் காந்தியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் நகரில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் பிள்ளை, நாயுடு, செட்டி, மூட்லி என்று இருக்கும். மூட்லி என்றால் முதலியார். இவர்களும், தமிழ்நாட்டிலிருந்து ஊர் பார்க்க வருகிறவர்களும் காந்தியைப் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள், அன்றே தலைவராகிவிட்டார் என்ற கதையை எல்லோரும் கையோடு கொண்டுவருகிறார்கள். எங்கள் பாட்டன் பூட்டன்மார் அந்தக் கதையில் எங்குமே வருவதில்லை. அந்தக் குறை எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் பதில்களை எழுதிவைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவுக்கு வருமுன் காந்தி பெயர் பெற்ற வக்கீலா?

இல்லை. 1869இல் போர்பந்தரில் பிறந்து, லண்டனில் இன்னர் டெம்பிள் என்ற வக்கீல் சங்கத்தில் சட்டம் படித்து, 1891 ஜூன் 10ஆம் தேதி பாரிஸ்டர் ஆனார். இரண்டே நாளில் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மமிபாய் என்ற பெண்ணுக்காக 30 ரூபாய்க் கட்டணத்தில் முதல் வழக்கை எடுத்தார். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றவருக்குத் தலை சுற்றியது, நாக்கு எழவில்லை. வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

பிறகு ராஜ்கோட்டில் மனு எழுதிக் கொடுத்து மாதம் 300 ரூபாய் அளவில் சம்பாதித்தார். அங்கும் நிம்மதி இல்லை. அண்ணனுக்காகப் பரிந்து பேச ஓர் ஆங்கிலேய அதிகாரியைப் பார்க்கப் போனார்; அதிகாரியின் சேவகன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். ராஜ்கோட்டில் அவருக்குக் கிடைக்கக்கூடிய வழக்குகளில் பெரும்பகுதி அதே அதிகாரியின் முன்னால்தான் நடக்கவேண்டும்.

அவரை இங்கே அழைத்தது யார்? என்ன சம்பளம்?

டர்பனில் கப்பலும் கடையுமாகக் கொழித்த குஜராத்தி வணிகர் தாதா அப்துல்லாவின் கம்பெனி. பிரிட்டோரியாவிலிருந்த உறவினர் தையப் சேட்டிடமிருந்து அவருக்கு 40,000 பவுண்டு வரவேண்டியிருந்தது. வழக்கில் ஆங்கில வக்கீல்களுக்கு உதவ, குஜராத்திக் கணக்கும் ஆங்கிலமும் அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். ஒரு வருட வேலை; முதல் வகுப்பில் போக வரக் கப்பல் செலவு; 105 பவுண்டு ஊதியம்; சாப்பாடும் தங்குமிடமும் தனி. 1893 மே மாதக் கடைசியில் டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அப்போது வயது 23.

அந்தத் துறைமுகத்துக்கு எங்களவர்கள் 33 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்து இறக்கியது. 1911 வரை, டர்பன் உள்ள நேட்டால் பகுதிக்கு அப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஆள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. இன்றும் இங்கே ஒரு குடும்பம் தன் வேரைத் தேடினால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் தேடவேண்டும்.

நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்ற மறுத்தார் என்பது உண்மையா?

உண்மை. இந்தக் கதை முழுவதும் தலைப்பாகை திரும்பத் திரும்ப வரும். அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டர்பன் வந்த சில நாட்களில் தாதா அப்துல்லா அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனார். மாஜிஸ்திரேட் வெறித்துப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். காந்தி மறுத்து வெளியேறினார், பத்திரிகைக்கு எழுதினார். "அழையா விருந்தாளி" என்று பத்திரிகைகள் எழுதின. வந்த ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பெயர் தெரிந்துவிட்டது.

அப்படியென்றால் ரயில் சம்பவம்?

1893 ஜூன் 7ஆம் தேதி இரவு. பிரிட்டோரியா போகும் வழியில், முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். பெட்டியும் மேல்கோட்டும் நிலையத்தாரின் வசம் போய்விட்டன. ஜூன் அங்கே கடுங்குளிர் மாதம். காத்திருப்பு அறையில் நடுங்கியபடி, திரும்பிப் போகலாமா, இருந்து போராடலாமா என்று யோசித்தார். அடுத்த கட்டப் பயணத்தில் கோச்சு வண்டியில் அடியும் வாங்கினார்.

அந்த இரவின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஓராண்டு அவர் வக்கீல் வேலையைத்தான் பார்த்தார். அது ஒரு தனிமனிதருக்கு நேர்ந்த அவமானம். டிக்கெட் வாங்க வசதி உள்ளவருக்கு நேர்ந்தது. எங்களவர்கள் முதல் வகுப்புப் பெட்டியை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தாதா அப்துல்லா வழக்கு என்ன ஆயிற்று?

நடுவர் தீர்ப்புக்கு விட்டு முடித்தார்கள். தாதா அப்துல்லா பக்கம் வெற்றி: 37,000 பவுண்டும் வழக்குச் செலவும். மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் கேட்டிருந்தால் தையப் சேட் திவாலாகியிருப்பார். நீண்ட தவணையில் வாங்கிக்கொள்ளும்படி தன் கட்சிக்காரரையே சம்மதிக்க வைத்தார் காந்தி. பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பதே வக்கீலின் வேலை என்று அப்போது தெரிந்துகொண்டதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். வழக்கை வளர்த்துப் பிழைக்காத வக்கீல் நம் ஊர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

பிறகு ஏன் ஊர் திரும்பவில்லை?

திரும்பத்தான் கிளம்பினார். 1894இல் டர்பனில் வழியனுப்பு விருந்து நடந்தது. அங்கே கிடந்த செய்தித்தாளில், இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்க நேட்டால் சட்டமன்றத்தில் மசோதா வருகிறது என்ற செய்தி கண்ணில் பட்டது. வணிகர்களிடம் கேட்டார். இதெல்லாம் எங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் இருந்து நடத்திக்கொடுங்கள் என்றார்கள். ஒரு மாதம் இருப்பதாக ஒப்புக்கொண்டார். வழியனுப்பு விருந்தே செயற்குழுக் கூட்டமானது.

இங்கிலாந்தின் குடியேற்ற நாட்டு அமைச்சர் ரிப்பன் பிரபுவுக்குச் சுமார் 10,000 பேர் கையெழுத்திட்ட மனு போனது. இரண்டு வாரத்தில் திரட்டியது. அந்த மசோதா அப்படியே சட்டமாகவில்லை; ஆனால் 1896இல், இந்தியர் என்ற சொல்லே இல்லாமல், அதே வேலையைச் செய்யும் இன்னொரு சட்டத்தை நேட்டால் கொண்டுவந்துவிட்டது.

பொதுப்பணிக்குச் சம்பளம் வாங்கமாட்டேன் என்று காந்தி சொன்னதால், சுமார் 20 வணிகர்கள் தங்கள் சட்ட வேலைகளை அவரிடம் கொடுத்து ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே தந்தார்கள். அந்த ஆண்டே நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பிறந்தது.

நேட்டால் இந்தியக் காங்கிரஸ் ஏழைகளின் சங்கமா?

தொடக்கத்தில் இல்லை. மாதச் சந்தா குறைந்தது 5 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு). ஒப்பந்தத் தொழிலாளியின் மாதக் கூலியோ முதல் ஆண்டில் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாம் ஆண்டில் 14. பாதிக் கூலியைச் சந்தாவாகக் கொடுக்க யாரால் முடியும்? வணிகர்களும், குமாஸ்தாக்களும், இங்கேயே பிறந்து ஆங்கிலம் படித்த இளைஞர்களும்தான் உள்ளே இருந்தார்கள். கரும்பு வெட்டியவர்கள் வெளியே நின்றார்கள். காந்தியே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

நேட்டாலில் வக்கீலாகப் பதிவு செய்வதில் என்ன சிக்கல்?

நேட்டால் வக்கீல்கள் சங்கம் எதிர்த்தது. காரணத்துக்குச் சான்றிதழ் குறை என்றார்கள்; உண்மைக் காரணம் நிறம். உச்ச நீதிமன்றம் எதிர்ப்பைத் தள்ளி, 1894 செப்டம்பர் தொடக்கத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. உறுதிமொழி எடுத்து முடித்ததும் தலைமை நீதிபதி சொன்னார்: இனி நீங்கள் நீதிமன்ற விதிக்குக் கட்டுப்பட்டவர், தலைப்பாகையைக் கழற்றுங்கள்.

காந்தி கழற்றினார். மாஜிஸ்திரேட் முன் மறுத்தவர் இங்கே ஏன் பணிந்தார் என்று தாதா அப்துல்லாவும் நண்பர்களும் வருந்தினார்கள். பெரிய சண்டைகளுக்காகப் பலத்தைச் சேமிக்க நினைத்தேன் என்றார் அவர். அந்தப் பெரிய சண்டை சில மாதங்களில் அலுவலகப் படியேறி வந்தது.

யார் அந்தப் பாலசுந்தரம்?

என் வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துச் சொல்லும் பெயர் இது.

காந்தி தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். கிழிந்த துணியோடு ஒரு தமிழர் அலுவலகத்துக்குள் வந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. உடம்பு நடுங்க அழுதார். தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். டர்பனில் ஒரு வெள்ளையரிடம் ஒப்பந்தத்தில் வேலை செய்தவர். கோபத்தில் முதலாளி அடித்து நொறுக்கியிருந்தார். காந்தியின் குமாஸ்தா ஒரு தமிழர். அவர் மொழிபெயர்க்கத்தான் இதெல்லாம் காந்திக்குத் தெரிந்தது.

முதலில் மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார். அங்கிருந்து நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். மாஜிஸ்திரேட் கொதித்துப்போய் முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார். ஆனால் முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது காந்தியின் எண்ணமில்லை. பாலசுந்தரத்துக்கு விடுதலை வேண்டும். சட்டம் அங்கேதான் குறுக்கே நின்றது. சாதாரண வேலைக்காரர் சொல்லாமல் வேலையை விட்டால் முதலாளி சிவில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஒப்பந்தத் தொழிலாளி விட்டுப்போனால் அது குற்றம், சிறை. அடிமைத்தனத்துக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு. வழி இரண்டே: ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாவல் அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்யவேண்டும், அல்லது முதலாளியே வேறொருவருக்கு மாற்றித் தர இசையவேண்டும். காந்தி முதலாளியைப் போய்ப் பார்த்தார், பேசினார். ஒப்பந்தத்தை ஏற்க நல்ல வெள்ளையர் ஒருவரையும் தேடிப் பிடித்தார். பாலசுந்தரம் அங்கே மாறினார்.

இதில் என் மனம் எப்போதும் தங்கும் இடம் அந்தத் தலைத்துணிதான். வெள்ளையர் முன்னால் போகும்போது ஒப்பந்தக்காரர் தலையை மூடியிருக்கக் கூடாது. தொப்பியோ, தலைப்பாகையோ, சுற்றிய துண்டோ, எதுவானாலும் கழற்றவேண்டும். இரண்டு கையாலும் கும்பிட்டால்கூடப் போதாது. காந்தியிடமும் அப்படித்தான் நடக்கவேண்டும் என்று பாலசுந்தரம் நினைத்துக்கொண்டார். காந்தி கூசிப்போனார். துணியைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி சொன்னார். சற்றே தயங்கி அவர் கட்டிக்கொண்டபோது முகத்தில் வந்த மகிழ்ச்சியைக் காந்தி மறக்கவில்லை. பிறரை இழிவுபடுத்துவதில் மனிதர்கள் எப்படிப் பெருமை காண்கிறார்கள் என்பது தனக்கு எப்போதும் புதிர் என்று இந்த இடத்தில்தான் எழுதுகிறார்.

செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. நமக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சந்தா கட்ட முடியாதவர்களின் துயரம் அதன்பின் அவர் மேசைக்கு வந்தது. வணிகர்களின் பாரிஸ்டர் எங்களவரின் வக்கீலானது அன்றுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

"கூலி பாரிஸ்டர்" என்று ஏன் அழைத்தார்கள்?

இங்கே இந்தியர் எல்லோரும் வெள்ளையருக்குக் கூலிகள்தாம். கூலி வணிகர், கூலி ஆசிரியர், கூலி பாரிஸ்டர். உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் குறிக்கும் நம் சொல் ஒன்று, மனிதரைக் குறிக்கும் வசையாகிவிட்டது. இன்னொரு சொல் "சாமி". ராமசாமி, முனுசாமி என்று தமிழ்ப் பெயர்கள் முடிவதைக் கேட்டு, இந்தியர் எல்லோரையும் "சாமி" என்று கூப்பிட்டார்கள். துணிச்சலுள்ள சிலர், சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் இல்லையே என்று திருப்பிச் சொன்னதாகக் காந்தி எழுதியிருக்கிறார். அந்தப் பதிலைச் சொன்ன தமிழரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மூன்று பவுண்டு வரி என்பது என்ன?

ஐந்து ஆண்டு ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்பவேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் விழவேண்டும். இரண்டும் வேண்டாம், சுதந்திரமாக இங்கேயே வாழ்கிறேன் என்றால் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்டவேண்டும். 1895இல் வந்த சட்டம் இது. நேட்டால் அரசு முதலில் கேட்டது 25 பவுண்டு. வைஸ்ராய் எல்ஜின் பிரபு 3 பவுண்டுக்குச் சம்மதித்தார். பதினாறு வயதான மகனுக்கும் பதின்மூன்று வயதான மகளுக்கும் தனித்தனியே கட்டவேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 12 பவுண்டு. மாதம் 14 ஷில்லிங் என்றால் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 8 பவுண்டு 8 ஷில்லிங்தான். கணக்கு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் அப்போது தெரிந்திருந்ததா?

தெரிந்திருந்தது. 1896இல் இந்தியா வந்த காந்தி, அக்டோபர் 26ஆம் தேதி சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். பாலசுந்தரம் கதையைக் கேட்டு ஊர் உருகியது. மற்ற நகரங்களைவிடச் சென்னையில்தான் ஆர்வம் கரைபுரண்டது என்று அவரே சொல்கிறார். அவருடைய துண்டுப் பிரசுரத்தை வாங்கக் கூட்டம் முண்டியது.

அந்தப் பேச்சுகளின் திரித்த செய்தி நேட்டாலுக்கு எட்டியது. திரும்பி வந்த கப்பலைப் பிளேக் நோயைக் காரணம் காட்டிக் கரைக்கு விடாமல் வாரக்கணக்கில் நிறுத்தினார்கள். 1897 ஜனவரி 13ஆம் தேதி இறங்கியவரை வெள்ளையர் கூட்டம் கல்லாலும் அழுகிய முட்டையாலும் அடித்தது. தலைப்பாகையைப் பறித்தெறிந்தார்கள். போலீஸ் கண்காணிப்பாளரின் மனைவி திருமதி அலெக்ஸாண்டர் குடையை விரித்துக் குறுக்கே நின்று உயிரைக் காத்தார். அடித்தவர்கள்மேல் வழக்குத் தொடர லண்டனிலிருந்தே உத்தரவு வந்தும் காந்தி வேண்டாமென்றார்.

வக்கீலாக அவர் திறமையானவரா?

ஆம். பம்பாயில் நா எழாதவர் இங்கே தேர்ந்தார். 1903இல் ஜோகன்னஸ்பர்க் ரிஸ்ஸிக் தெருவில் அலுவலகம் போட்டபோது வருமானம் நன்றாகவே இருந்தது. பொய் வழக்கை எடுக்கமாட்டேன் என்று கட்சிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். நெருங்கிய நண்பர் பார்சி ருஸ்தம்ஜி சுங்கம் கட்டாமல் சரக்குக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டபோது, போய் ஒப்புக்கொள்ளுங்கள் என்று அழைத்துப் போனார். ஒப்புக்கொண்ட தொகையின் இரு மடங்கு அபராதத்தோடு முடிந்தது. ருஸ்தம்ஜி அந்தக் கதையை எழுதி, படம்போலச் சட்டகத்தில் போட்டுத் தன் அலுவலகத்தில் மாட்டிவைத்தார்.

வீட்டில் அவர் அத்தனை நல்லவராக இல்லை. டர்பன் வீட்டில் தங்கியிருந்த பஞ்சமர் குலத்துக் கிறிஸ்தவக் குமாஸ்தா ஒருவரின் கழிவுக் கலயத்தைக் கஸ்தூரிபா அழுதுகொண்டே எடுத்துப் போனபோது, சிரித்துக்கொண்டு செய்யவேண்டும் என்று கத்தி, கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனவர் அவர்தான். அவரே வெட்கத்தோடு எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது.

காந்திக்குத் தமிழ் தெரியுமா?

ஓரளவு. கப்பலிலும் சிறையிலும் படித்தார். ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டைத் தாண்டவில்லை என்று சொல்லிக்கொண்டார். ஆனாலும், ஜோகன்னஸ்பர்க் அருகே சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் வாழ்ந்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தை அவர்தான் கற்பித்தார். இங்கே பிறந்த அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசினார்கள், எழுத்து அறியவில்லை. இன்றைய என் மாணவர்களுக்குப் பேச்சும் போய்விட்டது. 1903 ஜூனில் தொடங்கிய "இந்தியன் ஒப்பீனியன்" வார இதழில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழும் இருந்தது. ஆள் வசதி இல்லாமல் தமிழ்ப் பகுதி சில ஆண்டுகளில் நின்றது.

தம்பி நாயுடு யார்?

மொரீஷியஸில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்தவர். தமிழர் நலச் சங்கத்தின் தலைவர். சத்தியாகிரகத்தில் காந்திக்கு வலக்கரம் என்று யாரையாவது சொல்லவேண்டுமென்றால் இவரைத்தான் சொல்வேன். 1908 பிப்ரவரியில் மீர் ஆலம் என்பவர் காந்தியைத் தடியால் தாக்கியபோது தடுக்கப் பாய்ந்து தானும் அடி வாங்கினார். கணவர், மனைவி என்று மாறி மாறிச் சிறைக்குப் போன குடும்பம் அது.

வக்கீல் எப்போது குற்றவாளிக் கூண்டில் ஏறினார்?

ஆசியர்கள் விரல் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்கவேண்டும் என்று, ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் உள்ள டிரான்ஸ்வாலில் சட்டம் வந்தது. 1906 செப்டம்பர் 11ஆம் தேதி எம்பயர் தியேட்டர் கூட்டத்தில், பணியமாட்டோம் என்று சபதம் எடுத்தார்கள். 1908 ஜனவரி 10ஆம் தேதி, தான் பலமுறை வாதாடிய அதே ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றத்தில் காந்தி குற்றவாளியாக நின்றார். பிரிட்டோரியாவில் மற்றவர்களுக்குக் கடுங்காவல் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்டார். நீதிபதி இரண்டு மாத வெறுங்காவல் கொடுத்தார். கட்சிக்காரர்களைச் சிறையிலிருந்து காப்பாற்றுவது வக்கீல் வேலை. இவரோ சத்தியாகிரகிகளுக்காக ஆஜராகி, ஆம், சட்டத்தை மீறினோம், தண்டியுங்கள் என்று சொல்லவைத்தார். போராட்டம் வளர வளரத் தொழில் கையைவிட்டுப் போயிற்று. டால்ஸ்டாய் பண்ணைக்குப் போன 1910க்குப் பிறகு அவர் சத்தியாகிரகத்துக்கு மட்டுமே உழைத்தார்.

சிறைகளை நிரப்பியதில் தமிழர் பங்கு அவர்கள் தொகைக்கு மிஞ்சியது. பதினெட்டு வயது சுவாமி நாகப்பன் சிறைமுகாமின் குளிரில் நோயுற்று, 1909 ஜூலையில் விடுதலையான சில நாளில் இறந்தார். நாடு கடத்தப்பட்ட நாராயணசாமி, திரும்பி வந்தும் இறங்கவிடாமல் துறைமுகம் துறைமுகமாக அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர்விட்டார்.

1913 போராட்டத்தைத் தொடங்கியவர்கள் பெண்கள் என்கிறார்களே?

ஆம். அந்த ஆண்டு மார்ச்சில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்னும்படி கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். தாலி கட்டிய மனைவி ஒரே நாளில் சட்டப்படி மனைவி இல்லை என்றானாள். டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள் பதினொரு பேர் கிளம்பினார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழச்சிகள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. அனுமதியின்றி மாகாண எல்லையைத் தாண்டி வேண்டுமென்றே சட்டத்தை மீறினார்கள். போலீஸ் கைது செய்யவில்லை. நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் போய், மூன்று பவுண்டு வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்றார்கள். அக்டோபரில் சுரங்கங்கள் நின்றன.

தொழிலாளர் பாயும் சட்டியும் சுமந்து குடும்பத்தோடு வெளியே வந்தார்கள். நவம்பர் 6ஆம் தேதி நேட்டால் எல்லை தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடந்தவர்கள்: ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57. ஆளுக்கு ஒரு நாள் உணவு ஒன்றரை பவுண்டு எடை ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும். வழியில் ஒரு குழந்தை வெட்டவெளிப் பயணம் தாங்காமல் இறந்தது. இன்னொன்று, ஓடையைக் கடக்கும்போது தாயின் கைநழுவி நீரில் போனது. அந்தத் தாய்மார் நடப்பதை நிறுத்தவில்லை. நான்கே நாளில் காந்தி மூன்று முறை கைதானார். நடந்தவர்களை ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பி, சுரங்க வளாகத்தையே சிறையாக்கி, மறுபடி நிலத்துக்கடியில் இறக்கினார்கள். வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. மவுண்ட் எட்ஜ்கூம்ப் போன்ற இடங்களில் துப்பாக்கிச் சூடு; தொழிலாளர் செத்தார்கள்.

டிசம்பர் 18ஆம் தேதி காந்தி விடுதலையானார். சில நாளில் டர்பன் கூட்டத்துக்கு வந்தபோது கூட்டம் திகைத்தது. கோட்டு இல்லை, காலில் செருப்பில்லை, தலை மழித்திருந்தது. ஒப்பந்தத் தொழிலாளி உடுத்துவதை உடுத்தியிருந்தார், சுடப்பட்டு இறந்தவர்களுக்குத் துக்கமாக. இருபது ஆண்டுகள் முன்பு இதே ஊரில் தலைப்பாகைக்காக நீதிமன்றத்தைவிட்டு வெளியேறியவர் இவர்.

வெற்றி கிடைத்ததா?

1914 இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண்டு வரியை ஒழித்தது, இந்தியத் திருமணங்களை ஏற்றது. வாக்குரிமை வரவில்லை, மாகாணம் விட்டு மாகாணம் போகும் உரிமையும் வரவில்லை. ஜூலை 18ஆம் தேதி காந்தி கேப் டவுனில் கப்பல் ஏறினார். நாங்கள் இங்கேயே இருந்தோம்; சம உரிமைக்கு எங்களுக்கு 1994 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

கறுப்பின மக்களுக்காக அவர் ஏன் போராடவில்லை?

என் மாணவர்கள் இதைக் கோபத்தோடு கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். டர்பன் தபால் நிலையத்தில் ஆப்பிரிக்கரும் ஆசியரும் ஒரே வாசலில் நுழைவதை எதிர்த்து, இந்தியருக்குத் தனி வாசல் கேட்டு வாங்கியவர் அவர். அந்தக் காலத்து மனுக்களிலும் கட்டுரைகளிலும் ஆப்பிரிக்கரை இழித்துரைக்கும் சொற்கள் உள்ளன. படிக்கும்போது முகம் சுளிக்கிறது. இதை மறைக்கும் பாடத்தை என்னால் நடத்த முடியாது. 1906இல் ஜூலுக்களின் எழுச்சியை அரசு நசுக்கியபோது அரசின் பக்கம் நின்று காயம்பட்டவர்களைச் சுமக்கும் சிறு படையை நடத்தினார். அங்கே சவுக்கடி பட்ட ஜூலுக்களின் புண்ணைக் கழுவ வெள்ளையர் மறுக்க, இவர்கள்தான் கழுவினார்கள். அந்தக் காட்சி அவரை மாற்றத் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். ஆனால் போராட்டத்தில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. அவருடைய பீனிக்ஸ் ஆசிரமத்துக்கு அருகிலேயே, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் டூபேயின் பள்ளி இருந்தது.

இன்னர் டெம்பிள் அவரை நீக்கியதா?

1922இல் இந்தியாவில் ராஜத்துரோகத் தண்டனை பெற்றபின் நீக்கியது. 1988இல் பெயரைத் திரும்பச் சேர்த்தது.

இங்கே வந்தால் எதையெல்லாம் பார்க்கலாம்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். அதே ஊரின் சர்ச் தெருவில் 1993இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு திறந்துவைத்த சிலை. டர்பன் அருகே பீனிக்ஸ்; 1985 கலவரத்தில் எரிந்து, பின்னர் எழுப்பப்பட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் பழைய நீதிமன்றம் இருந்த சதுக்கத்துக்கு இப்போது காந்தி சதுக்கம் என்று பெயர். அங்கே வக்கீல் அங்கி அணிந்த இளம் காந்தியின் சிலை நிற்கிறது. அவர் அடைபட்ட பழைய கோட்டைச் சிறை வளாகத்தில் இன்று நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் நடக்கிறது.

நேரம் குறைவென்றால் இவற்றில் எதை வேண்டுமானாலும் விடுங்கள், பிராம்ஃபான்டெய்ன் இடுகாட்டை விட்டுவிடாதீர்கள். நாகப்பன் அங்கே இருக்கிறார். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்டு, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, தாயோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், காய்ச்சலோடு திரும்பி, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி பதினாறு வயதில் கண்மூடிய வள்ளியம்மையும் அங்கே இருக்கிறார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று நோய்ப்படுக்கையில் காந்தி கேட்டபோது, இப்போது மறுபடி கைது செய்தாலும் போகத் தயார் என்றவர் அவர். இருவர் கல்லறைக் கற்களும் 1914 ஜூலையில், காந்தி இந்த நாட்டைவிட்டுப் போவதற்கு மூன்று நாள் முன்பு, அவர் முன்னிலையில் திறக்கப்பட்டன. இடுகாட்டின் அந்தப் பகுதியில் பூக்கடை கிடையாது. போகும் வழியிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.